வாடகை வாங்காத வீடு

2025 மார்ச் 20, வியாழன்

சென்னைக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. ஏப்ரல் 20, காலை விமானம். மகளுக்கு மே கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள். பிரசவம், பிறகு குழந்தைக்குக் கழுத்து நின்று தவழுகிற வரைக்கும் என்று பார்த்தால் வருஷம் திரும்பிவிடும். கப்பலில் போனால் மூன்று நாள் ஆனாலும் வேண்டிய சாமானை எடுத்துப் போகலாம். முழங்கால் அதற்கு இடம் கொடுக்காது.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகவேண்டிய கவலை இல்லை. தம்பி குடும்பம் இருக்கிறது. கொரோனா அடங்கிய வருஷம் டிக்லிப்பூரிலிருந்து வந்தார்கள். மகளை இங்கே படிக்க வைக்கவேண்டும் என்றான். பின்பக்கத்து இரண்டு அறையும் என் கணவர் போனதிலிருந்து சும்மாதான் கிடந்தன. "வாடா" என்றேன். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். வாடகை என்று அவன் வாயெடுத்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

இன்று காலை கொல்லைப்புறத்தில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தான். மறுமுனையை அவன் மகள் பிடித்திருந்தாள். பாக்கு மரத்திலிருந்து துவைக்கிற கல் வரைக்கும் அளவு.

"அக்கா, நீ ஊருக்குப் போய்த் திரும்பறதுக்குள்ள இங்க ஒரு கான்கிரீட் ரூம் போட்டுடறேன். சீட்டுப் பணம் வருது. உனக்கு ஒரு பைசா செலவு கிடையாது."

பெண் அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்குத் தனி அறை வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் இந்த அந்தமான் தீவில் கான்கிரீட் என்பது சிறிய காரியம் இல்லை. மணல் தோண்டுவதைப் படிப்படியாக நிறுத்தவேண்டும் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து கட்டுமானத்தில் மணல் பாடு பெரும்பாடு. சிமென்டும் கம்பியும் கப்பலில் வருகின்றன. மெயின்லேண்டில் ஓர் அறை போடுகிற காசு இங்கே பாதிச் சுவருக்குத்தான் காணும். அவனுடைய சேமிப்பு முழுவதும் அந்தக் கொல்லைக்குள் போய்விடும்.

"யோசிச்சுச் சொல்றேன்டா" என்றேன். அவன் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனான்.

மார்ச் 22, சனி

தகரப் பெட்டியைத் திறந்து வீட்டுக் காகிதங்களை எடுத்தேன். ஃபார்ம் எஃப் என்கிற நில உரிமைப் பதிவின் நகல், மனை ஒதுக்கிய ஆணை, கணவர் போன பிறகு வாரிசு வழியில் என் பெயரும் மகள் பெயரும் ஏறிய பதிவு. ஆணையின் மடிப்பு கிழிந்த இடத்தில் அவர் ஒட்டிய பிரவுன் டேப் இப்போது தேன் நிறமாகி, எழுத்து அதன் வழியே மங்கலாகத் தெரிகிறது. குடியிருப்புக்கு மட்டும் என்ற வரி சரியாக அந்த டேப்புக்குக் கீழே இருக்கிறது.

ராமநாதபுரத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் முதல் கேள்வி "சொந்த வீடா?" என்பதுதான். ஆமாம் என்றுதான் சொல்லுவேன். சுவரும் கூரையும் கதவும் சொந்தம். அடியில் இருக்கிற மண் மத்திய அரசுடையது. நாங்கள் இருக்கிற பத்துபஸ்தியில் மட்டுமில்லை, இந்தத் தீவுகளில் எல்லாருக்கும் இதே நிலைதான். 1966-ம் ஆண்டின் அந்தமான் நிக்கோபார் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைச் சட்டம் நிலம் முழுவதும் மத்திய அரசைச் சேர்ந்தது என்று ஒரே அடியாகச் சொல்லிவிடுகிறது. அதன் கீழேதான் ஆக்குபன்சி டெனன்ட், கிரான்ட்டி, லைசென்சி என்று நாம் எல்லாரும் வருகிறோம். விற்கவேண்டும் என்றால் டெபுடி கமிஷனர், அதாவது டிசி ஆபீஸ் அனுமதி வேண்டும். வாரிசு மாற்றம் என்றால் பட்வாரியிலிருந்து தொடங்கவேண்டும்.

மாமனார் இதைக் கதையாகவே சொல்வார். 1858-ல் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றிய காலத்திலிருந்தே இங்கே நிலம் என்பது சர்க்கார் கையால் கொடுத்து வாங்குவதுதான். நன்னடத்தை பெற்ற கைதிக்குத் தானே உழைத்துப் பிழைத்துக்கொள்ள நிலம் கொடுத்தார்கள், அதுவும் லைசென்ஸில். 1926-ல் அதற்கென்று ஒரு ஒழுங்குமுறை வந்தது. 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்குக் குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் வயல், ஐந்து ஏக்கர் மேட்டு நிலம் என்று கொடுத்தார்கள். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய நம் ஆட்களில் சில குடும்பங்களை நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். கொடுத்தது எல்லாமே இருந்து பிழைத்துக்கொள்ளத்தான்.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு சிப்பிகாட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். நிலம் தாழ்ந்து, விளைந்த வயல் உப்புத் தண்ணீருக்குள் போனது. பதிவேட்டில் வயல் இருந்தது, கண்ணெதிரே கடல் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் என் கணவர் இந்தக் காகிதங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டார்.

என் கையில் இருப்பதே நிபந்தனையோடு கிடைத்த உரிமை. அதிலிருந்து தம்பிக்கு நான் எவ்வளவு கொடுக்க முடியும் என்று முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.

மார்ச் 24, திங்கள்

அபர்டீன் பஜார் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடிப்படி ஏறி வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். தமிழ்தான். விவரம் முழுவதும் கேட்டுவிட்டு, "அவங்க உங்களுக்குப் பணம் ஏதாவது தர்றாங்களாம்மா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாய் திறந்தவள் நிறுத்தினேன். தம்பி பெண்டாட்டி மாதாமாதம் என் போனுக்கு இரண்டாயிரம் அனுப்புகிறாள். கரண்டுக்கும் தண்ணீர் லாரிக்கும் அவர்கள் பங்கு. வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாள், கைநீட்டி இருக்கக் கூடாது என்கிற ரோஷம் அவளுக்கு. அந்தப் பணத்தை நான் அவர்கள் பெண்ணின் பேரில் போஸ்ட் ஆபீசில் கட்டிவருகிறேன்.

வக்கீல் அம்மா போனை வாங்கி ஜிபேயைத் திறந்து விரலால் கீழே இழுத்துக்கொண்டே போனார். ஒவ்வொரு மாதமும் பணத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரே குறிப்பு. ரென்ட். ரென்ட். ரென்ட்.

"இது வாடகை இல்லைன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நாளைக்கு ஒரு தகராறு வந்தா கோர்ட்டுக்கு இதுதான் தெரியும்" என்றார்.

வாடகை வாங்கி, தனியாக அனுபவிக்க விட்டால் அது குத்தகை. குத்தகை என்றால் குடியிருப்பவருக்கு இடத்தின் மேலேயே ஓர் உரிமை பிறக்கிறது. நம் மனைக்கு இருக்கிற நிபந்தனையில் அப்படி விடலாமா என்ற கேள்வி அடுத்து வரும். பணம் வாங்காமல், நம் சம்மதத்தில் மட்டும் ஒருவர் இருந்தால் அது லைசென்ஸ், வெறும் அனுமதி. இடம் நம் கையிலேயே இருக்கிறது. அவரவர் எரித்த கரண்டுக்கு அவரவர் பணம் கொடுப்பது வாடகை ஆகாது, ஆனால் அதை அப்படியே எழுதி வைக்கவேண்டும்.

எனக்கு இருந்த பயத்தைக் கேட்டேன். பன்னிரண்டு வருஷம் ஓர் இடத்தில் இருந்துவிட்டால் அது இருப்பவனுக்கே சொந்தம் என்று கடைத்தெருவில் எல்லாரும் அடித்துச் சொல்வார்கள். அவர் தலையாட்டினார். பன்னிரண்டு வருஷக் கணக்கு 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் உடையவருக்கு எதிராக, அவர் அறிய, இது என்னுடையது என்று இருந்தவருக்குத்தான் அது. அனுமதியில் இருப்பவருக்கு எத்தனை வருஷம் ஆனாலும் அந்தக் கணக்கு ஓடத் தொடங்குவதே இல்லை. அரசு நிலம் என்றால் முப்பது வருஷம்.

பிறகு கோவா வழக்கு ஒன்றைச் சொன்னார். மரியா மார்கரிடா வழக்கு. பனாஜியில் ஒரு பெண்மணிக்கு வீடு. கணவர் கடற்படையில் இருந்ததால் ஊர் ஊராக மாற்றல். வீட்டில் உடன்பிறந்த சகோதரனை இருக்க விட்டிருந்தார். பின்னால் அந்தச் சகோதரனே, அனுபவம் என்னுடையது, என்னை வெளியேற்றியது தவறு என்று வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டில் அவர் பக்கம் தீர்ப்பு. உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் 2012 மார்ச் 21 அன்றுதான் அதை மாற்றியது. காவலாளி, வேலைக்காரர், நண்பர், உறவினர் என்று யாராக இருந்தாலும், இலவசமாக இருக்க விடப்பட்டவருக்கு எவ்வளவு காலம் இருந்தாலும் இடத்தில் பாத்தியதை வராது என்று தெளிவாகச் சொன்னது. எந்த உரிமையில் இருக்கிறேன் என்பதை இருப்பவர் விவரமாகவும் ஆவணத்தோடும் காட்டவேண்டும் என்றும் சொன்னது.

"அந்தம்மா ஜெயிச்சாங்க. ஆனா கூடப் பிறந்தவன்கூட டெல்லி வரைக்கும் போய்த்தான் ஜெயிச்சாங்க. உங்களுக்கு இங்கேருந்து முதல்ல கல்கத்தா ஹைகோர்ட் பெஞ்ச், அப்புறம் டெல்லி. வேணுமா அது?"

வேண்டாம். தம்பி அப்படிப்பட்டவனும் இல்லை. கோவாவில் அந்தப் பெண்மணியும் வீட்டைக் கொடுத்த அன்று அப்படித்தான் நம்பியிருப்பார்.

கான்கிரீட் அறையைப் பற்றிக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பது பொது விதி. 1882-ம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம் 60-ம் பிரிவில் அதற்கு விலக்கு இருக்கிறது. அந்த அனுமதியை நம்பி, இருப்பவர் நிரந்தரமான கட்டுமானம் எழுப்பி அதற்குச் செலவும் செய்திருந்தால், அப்புறம் அனுமதியை ரத்து செய்ய முடியாது. நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு, பிறகு போ என்றால் சட்டம் அவன் பக்கம் நிற்கும். நிற்கவும் வேண்டும். சேமிப்பு முழுவதையும் மண்ணில் கொட்டியவனை வெறுங்கையோடு அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

"உங்க தம்பி பணத்துல ஒரு செங்கல்கூட வைக்க விடாதீங்க" என்றார். "அது உங்களுக்காக மட்டும் இல்லம்மா, அவருக்காகவும்தான்."

மார்ச் 25, செவ்வாய்

இன்று தண்ணீர் முறை. தனிக்காரி அணையில் மட்டம் இறங்கிக்கொண்டிருக்கிறது, மழை பிடிக்கிற வரைக்கும் இப்படித்தான். தம்பி பெண்டாட்டி விடிவதற்குள் எழுந்து என் டிரம், அவர்கள் டிரம், மேலே இருக்கிற டாங்க் எல்லாவற்றையும் நிரப்பியிருந்தாள். என் டிரம்முக்கு மேலே வெள்ளைத் துணி கட்டி வடிகட்டியிருந்தாள்.

ஒன்றும் பேசவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

மகள் போனில் ஒரே பிடியாக நின்றாள். "மாமாகிட்ட ஒழுங்கா வாடகை வாங்கும்மா. வாடகை வாங்கினா யாருக்கும் குழப்பம் இல்ல."

குழப்பம் அதில்தான் அதிகம் என்று வக்கீல் சொன்னதைச் சொன்னேன். அது சட்டம். எனக்கு வேறு காரணம் உண்டு, அதை அவளிடம் சொல்லவேண்டியதில்லை, அவளுக்கே தெரியும். அவள் அப்பா ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவன் டிக்லிப்பூரில் இருந்தான். ராத்திரி போன் செய்தேன். ஜார்வா பழங்குடியினர் காட்டு வழியில் வண்டிகளைக் கான்வாயில் வரிசை கட்டித்தான் விடுவார்கள், நினைத்த நேரத்துக்கு வரமுடியாது. விடியற்காலையில் கிளம்பி, மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வரிசைக்குக் காத்து நின்று, அந்தி சாய்வதற்குள் வார்டில் வந்து நின்றுவிட்டான். அதன் பிறகு அவர் கண் மூடும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் அட்டை விரித்துப் படுத்தான். கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு வந்தவன், எவ்வளவு நஷ்டம் என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

அவனிடம் நான் வாடகை வாங்க மாட்டேன்.

சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பா மகனிடமும் பேசினேன். அவன் வீடும் எச்டிபி என்கிற அரசுக் குடியிருப்பு, தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகை. மாமியார் உடன் இருக்கிறார். அங்கே வீட்டுக்கு உடையவர் யார், குடியிருப்பவர் யார் என்று ஆரம்பத்திலேயே தனித்தனியாகப் பதிந்துவிடுகிறார்களாம். குடியிருப்பவர் என்று பதிந்ததால் பங்கு வந்துவிடாது. அதனால் அங்கே மாமியார் மருமகன் உறவுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை என்றான். நம் பக்கத்தில் மட்டும்தான் எழுது என்றால் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

மார்ச் 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, மீன் குழம்பு வாசனை கைவிட்டுப் போவதற்குள். கான்கிரீட் அறை வேண்டாம் என்றேன். நீங்கள் இருப்பதைப் பற்றி ஒரு கடிதம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடலாம் என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "வக்கீல்கிட்ட போனியா?"

"போனேன்."

"என்னைப் பத்தி வக்கீல்கிட்ட பேசினியாக்கா?"

வீட்டைப் பற்றிப் பேசினேன் என்றேன். அவனுக்கு அது வேறு மாதிரிதான் கேட்டது. "நான் உன் வீட்டைப் புடுங்கிக்குவேன்னு நினைக்கிறியா? அத்தான் இருந்திருந்தா இந்தப் பேச்சு வந்திருக்குமா?" என்றான். அத்தான் பேரை இழுத்ததும் எனக்கும் குரல் உயர்ந்தது. அத்தான் இருந்திருந்தால் அவர்தான் முதலில் எழுதியிருப்பார், பால் கணக்கைக்கூட நோட்டில் எழுதியவர் என்றேன். பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுக்கு எதிரில் பேசியிருக்க வேண்டாம் என்று இருவருக்குமே பட்டது. பேச்சு அதோடு நின்றது.

நிலநடுக்கத்துக்கு இந்தத் தீவு ஐந்தாம் மண்டலம், இருப்பதிலேயே மோசமானது. பழைய மரச் சட்டம் போட்ட வீட்டோடு ஒட்டி அளவு பார்க்காமல் ஒரு கான்கிரீட் பெட்டியை வைப்பது ஆபத்து என்றும் சொல்ல நினைத்திருந்தேன். சொல்ல வாய்க்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மூன்றாம் நாளாக அவன் முன்பக்கம் வரவில்லை. கடைக்குப் போகிற பைக் சத்தம் மட்டும் கேட்கிறது. இந்த மாதம் ஒன்றாம் தேதி இரண்டாயிரம் வரவில்லை.

கராச்சராமாவிலிருந்து பழைய சிநேகிதி வந்திருந்தாள். சொன்னதும், "ரத்த பந்தத்துக்குப் போய்ப் பேப்பரா?" என்றாள். அவளுக்கும் அவள் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகிறது. அதுவும் ஒரு வேலி விவகாரம். ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால் அவள் அண்ணன் பேரன் காதுகுத்துக்கு அவள் போயிருப்பாள். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 5, சனி

தம்பி பெண்டாட்டி தானாகவே வந்தாள். கீரையை என் முன்னால் போட்டு ஆய்ந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"அண்ணி, நான் ஒண்ணு கேட்கட்டுமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இருக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்ல. நாளைக்கு உங்க பொண்ணு, மாப்பிள்ளை வந்து போங்கன்னு சொன்னா நாங்க எங்க போவோம்? அவருக்கு ரோஷம், கேட்க மாட்டாரு. எனக்குப் பொண்ணு படிப்பு இருக்கு."

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். நினைத்தேன், ஆனால் அவள் வாயிலிருந்து வந்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது. நான் வீட்டைக் காக்க ஒரு கடிதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது தலைக்கு மேல் கூரை.

உடனே வக்கீலுக்குப் போன் போட்டேன். அவள் பயம் சரிதான் என்றார். வெறும் அனுமதி என்பது கொடுத்தவரோடு போய்விடும். வீடு வேறொருவர் கைக்கு மாறினால் புதிதாக வந்தவரை அது கட்டாது. இங்கே மகளும் பங்குதாரர் என்பதால் அவளும் கையெழுத்துப் போடுவது இருபக்கத்துக்கும் நல்லது. அனுமதியை ரத்து செய்தாலும் சாமானை எடுத்துக்கொண்டு வெளியேற நியாயமான அவகாசம் தரவேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. எது நியாயமான அவகாசம் என்பதை நீங்களே மாதக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், அப்போது சண்டை இல்லை என்றார்.

போனை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். கீரைக் காம்பைக் கையில் வைத்தபடியே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "எழுதிடலாம் அண்ணி. அவருகிட்ட நான் சொல்றேன்" என்றாள்.

ஜிபே குறிப்பையும் சொன்னேன். அடுத்த முறை கரண்டுப் பங்கு என்று போடச் சொன்னேன். "ரென்ட்டுன்னு போட்டா நாங்க சும்மா இருக்கலேன்னு எங்க வீட்டுல காட்டலாம்னு போட்டேன்" என்றாள். அவள் அம்மா வீட்டில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அவள் குரல் இறங்கியதால் மேலே கேட்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

நேற்றும் இன்றும் எழுதினோம். தம்பி வந்து உட்கார்ந்தான். முகம் முழுவதும் தெளியவில்லை, ஆனால் உட்கார்ந்தான். அது போதும்.

முதல் வரியில் உறவை எழுதினேன். இவன் என் உடன்பிறந்த தம்பி, என் விருப்பத்தின் பேரில் குடும்பத்தோடு பின்பக்கத்து இரண்டு அறைகளிலும் சமையல் கட்டிலும் இருக்கிறான், இதற்கு வாடகை வாங்கவில்லை, வாங்கப்போவதும் இல்லை. அடுத்து, மனை அரசு ஒதுக்கியது, அதன் நிபந்தனைகள் இருவருக்கும் பொது, குடியிருப்பு தவிர வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, வேறு யாரையும் அவன் குடிவைக்கக் கூடாது. கரண்ட் பில்லும் தண்ணீரும் அவரவர் செலவு, அதற்காகத் தருகிற பணம் வாடகை ஆகாது. இதுவரை அனுப்பியதும் அந்தக் கணக்குத்தான் என்று தனியாக ஒரு வரி.

நான் இல்லாதபோது கூரையோ சுவரோ பழுதானால் யார் பொறுப்பு என்பதில் வெகுநேரம் ஆனது. இங்கே மே மாதம் மழை பிடித்தால் டிசம்பர் வரை தகரத்துக்கு ஓய்வு கிடையாது. சின்ன ஒழுக்கு, குழாய், பல்பு அவன் பார்த்துக்கொள்வது. தகடு மாற்றுவது, மரம் மாற்றுவது என்றால் எனக்குப் போட்டோ அனுப்பவேண்டும், பணம் நான் அனுப்புவேன். அவன் கைக்காசு போட்டுச் செய்யக் கூடாது. அவசரம் என்று போட்டுவிட்டால் பில்லைக் காட்டி என்னிடம் வாங்கிக்கொள்ளவேண்டும்.

அறை விஷயம் கடைசியாக வந்தது. பெண்ணுக்கு இடம் வேண்டும், அதில் நானும் உறுதி. பக்கவாட்டு வராந்தாவை மரச் சட்டம் வைத்து போர்டு அடைத்து, ஜன்னலும் கதவும் போட்டு அறையாக்கலாம் என்றேன். பாரம் இல்லை, கழற்றவும் முடியும். நிலம் ஆடினாலும் பெண்ணின் தலையில் கான்கிரீட் விழாது. செலவு முழுவதும் என்னுடையது.

"அது எதுக்கு நீ?" என்றான்.

"வீடு என்னுதுடா. என் வீட்டுல செலவு பண்றது நான். உன் சீட்டுப் பணத்தைத் தொடாதே. அவ காலேஜுக்கு மெயின்லேண்ட் போகணும்னா அப்ப வேணும்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. வராந்தாவுக்குப் போய் டேப்பை எடுத்து அளந்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். எல்லாருமாக வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போனோம். காவடிக் கூட்டத்தில் தமிழ், தெலுங்கு, வங்காளி என்று ஊரே இருந்தது. பால்குடம் எடுத்தவர்களுக்குப் பின்னால் தம்பி என் முழங்காலுக்காக மெதுவாக நடந்து வந்தான். இந்த வருஷம் அர்ச்சனைக்கு நானே எல்லார் நட்சத்திரத்தையும் சொன்னேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று வருஷப் பிறப்பு, அம்பேத்கர் ஜெயந்தி என்று எல்லாம் மூடியிருந்தது. இன்று வக்கீல் அம்மாவோடு நோட்டரியிடம் போனோம். ஸ்டாம்ப் பேப்பரில் ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று அடித்திருந்தது. போன செப்டம்பரில் மாறிய பெயர் இன்னும் வாய்க்கு வரவில்லை, தம்பி "போர்ட் பிளேர்னு போடலையா?" என்று கேட்டான்.

கையெழுத்துக்கு முன்னால் அவன் இரண்டு விஷயம் கேட்டான். வீட்டிலேயே யோசித்து வைத்திருக்கிறான். ஒன்று, எந்தக் காரணத்துக்காகக் காலி செய்யச் சொன்னாலும் பெண்ணின் பள்ளி வருஷத்துக்கு நடுவில் சொல்லக் கூடாது. நாங்கள் மூன்று மாத அவகாசம் என்று எழுதியிருந்தோம். வக்கீல் அம்மா பேனாவாலேயே திருத்தினார்: மூன்று மாதம், அல்லது அந்தக் கல்வியாண்டின் இறுதித் தேர்வு முடியும் நாள், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. இருவரும் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டோம். எனக்கே தோன்றியிருக்கவேண்டிய வரி அது. அவன் கேட்டு அது ஏறியதில் எனக்கு நிறைவு. இனி இது அவன் எழுதிய காகிதமும்தான்.

இரண்டாவது, என்றைக்காவது விற்பதாக இருந்தால் முதலில் தன்னிடம் கேட்கவேண்டும் என்றான். விற்பதற்கு டிசி அனுமதி வேண்டும், மகள் சம்மதம் வேண்டும். அவளுடைய பங்கைப் பற்றி அவள் இல்லாமல் நான் வாக்குக் கொடுக்க முடியாது. அதை அப்படியே சொன்னேன். அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. "நீ அவகிட்ட பேசுவல்ல?" என்றான். பேசுகிறேன், அவள் சரி என்றால் அதற்குத் தனிக் கடிதம், இல்லை என்றாலும் என் வாயால் உனக்குப் போன் வரும் என்றேன். சரி என்று கையெழுத்துப் போட்டான். தம்பி பெண்டாட்டியும் போட்டாள்.

மொத்தம் மூன்று பிரதி. ஒன்று அவர்களிடம். மற்ற இரண்டையும் மகள் கையெழுத்துக்காக நான் எடுத்துப் போகிறேன், ஒன்று ஸ்பீட் போஸ்டில் திரும்பி வரும், ஃபார்ம் எஃப் இருக்கிற பிளாஸ்டிக் உறையில் சேர்ந்துவிடவேண்டும்.

நாளைக் காலை தச்சர் வருகிறார். போர்டு வந்து வராந்தாவில் சாய்த்து வைத்தாயிற்று. ஜன்னலைப் பாக்கு மரப் பக்கம் வை என்று பெண்ணும், ரோட்டுப் பக்கம்தான் காற்று என்று அவள் அப்பாவும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெண் சொன்ன பக்கம் வைக்கச் சொல்லித் தச்சருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.